மையும் மாற்றமும்

துபாய் மெட்ரோவில் 2009-இல் சிவப்புத் தடமும் 2011-இல் பச்சைத் தடமும் ஓடத் தொடங்கின; யூனியன், புர்ஜுமான் நிலையங்களில் அவை சந்திக்கின்றன. என்னோடு நிரல் எழுதும் திருநெல்வேலி நண்பர் புர்ஜுமானில் வண்டி மாறும்போதெல்லாம், வண்ணத்தை நம்பாமல் தடத்தின் பெயரைப் படித்த பின்னரே நடப்பவர் என்பதை, அநேக மாதங்கள் உடன் பிரயாணம் செய்தும் நான் கவனித்ததில்லை.

எடிட்டரில் நான் நீக்கியிருந்த ஒரு வரியைச் சேர்த்த வரியென்று அவர் எண்ணிய அன்றுதான் விஷயம் விளங்கியது. நீக்கியதற்குச் சிவப்பு, சேர்த்ததற்குப் பச்சை என்பது சம்பிரதாயம்; அவர் கண்ணுக்கோ இரண்டும் ஒரே மங்கிய பழுப்பு. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிர்வில் 4.5-க்கு 1 என்ற விகிதமாவது வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் கூறுகின்றன. அதை அனுசரித்த பிறகும், சிவப்பு, பச்சை ஆகிய இரு பின்புலங்களும் தமக்குள் ஒரே ஒளிர்வாய் இருந்துவிடக் கூடும்.

அப்போது என் பாட்டனாரின் ஞாபகம் வந்தது. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்துக்கும் ஏட்டுக்கும் நிறம் ஒன்றே. சாய்த்துப் பிடித்தாலன்றி ஒன்றும் புலப்படாது. அவர் விளக்குக் கரியை இலைச் சாற்றில் குழைத்து ஏடு முழுவதும் தடவி, பிறகு பழந்துணியால் மிக நிதானமாகத் துடைப்பார். மேற்பரப்பிலிருந்த கரியெல்லாம் துணியோடு போக, கீறிய பள்ளங்களில் மட்டும் மை தங்கி, அதுவரை இல்லாததுபோல் இருந்த ஒரு செய்யுள் முழுவதும் கண்முன் எழுந்து நிற்கும். தடவுவதைவிடத் துடைப்பதே வித்தை என்பார். அத்தகைய ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கித்தான் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பிரதிக்குப் பிரதி ஓரெழுத்து வேறுபட்டாலும் பொருள் மாறிவிடும் அந்தப் பரிசோதனையின் சிரமத்தை, இரண்டு நிரல்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் நன்கு உணர்வார்கள்.

எங்கள் எடிட்டரில் வரி முழுவதற்கும் ஒரு பின்புலமும், அவ்வரியில் மாறிய எழுத்துகளுக்கு வேறொன்றும் தனித்தனியே அமைக்கலாம். பாட்டனார் துடைத்ததுபோல் வரியின் நிறத்தை ஏறக்குறைய முழுவதும் அகற்றி, மாறிய எழுத்துகளில் மட்டும் தங்கவிட்டேன். சிவப்புக்குப் பதில் வெளிறிய ஆரஞ்சு, பச்சைக்குப் பதில் ஆழ்ந்த நீலம். ஓரத்துக் கூட்டல் கழித்தல் குறிகள் அப்படியே.

மறுநாள் நண்பர் திரையை ஒரு கணம் நோக்கினார்.

"ஒரு அரைப்புள்ளிதான் போயிருக்கு, அண்ணாச்சி" என்றார்.