ஜாம்பேசியின் ஓசை கேட்ட வீடு

ஏப்ரல் மாதத்து ராத்திரியில் தெற்கிலிருந்து காற்றடித்தால் அருவியின் ஓசை எங்கள் வீடு வரைக்கும் வரும். ஜாம்பியாவின் தெற்குக் கோடியில் இருக்கும் லிவிங்ஸ்டன்தான் நான் வளர்ந்த ஊர். அங்கிருந்து விக்டோரியா அருவி பத்து கிலோமீட்டர். 1964இல் விடுதலையடைந்த ஜாம்பியா, தன் பள்ளிக்கூடங்களுக்கு இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்தது. அப்படிப் போன அப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கணக்கு வாத்தியார். பகலில் வாசலில் நின்றால் மரங்களுக்கு மேலே வெண்புகை எழுவது தெரியும். அத்தனையும் நீர்த்திவலை. மோசி-ஓ-துன்யா, இடி முழக்கும் புகை, என்பது அந்த மண்ணின் மக்கள் அருவிக்கு வைத்த பெயர். 1855இல் அங்கே வந்த பிரிட்டிஷ் பயணி டேவிட் லிவிங்ஸ்டன்தான் தன் நாட்டு ராணியின் பெயரை அதற்குச் சூட்டினார்.

வெள்ளக்காலத்தில் அப்பா எங்களை அழைத்துப் போவார். ஜாம்பேசி ஆறு அங்கே 1,700 மீட்டர் அகலம். அத்தனை அகலமும் ஒரே விளிம்பில் கவிழ்ந்து, நூறு மீட்டருக்கும் ஆழமான ஒடுங்கிய பிளவுக்குள் விழுகிறது. பிளவின் எதிர்க்கரையும் அதே உயரம். அதனால் அருவியை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, நேருக்கு நேர் நிற்கலாம். கத்திமுனைப் பாலம் என்று ஒரு நடைபாலம் உண்டு. அதன்மேல் கால் வைத்தால் மழை கீழேயிருந்து பெய்யும். பள்ளத்திலிருந்து கிளம்பி வரும் நீர் முகத்தில் அறையும், பிறகு தலைமேலும் கொட்டும். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் கைகளை விடாமல் பிடித்திருப்பாள். பேசினால் காதில் விழாது. அப்பா தோளைத் தட்டிக் கீழே கைகாட்டுவார். எங்கள் காலடிக்குக் கீழே வானவில் கிடக்கும். பௌர்ணமி ராத்திரியிலும் அங்கே வானவில் உண்டு. நிலா வெளிச்சத்தில் அது நிறம் வெளிறி, சாம்பல் பூத்த வளைவாகத் தெரியும்.

அக்டோபரில் போனால் அதே இடமா என்று தோன்றும். வெயில் மண்டையைப் பிளக்கும். ஜாம்பியா பக்கத்தில் பெரும்பகுதி வற்றி, கரிய எரிமலைப் பாறை மொட்டையாக நிற்கும். எனக்கு அழுகை வரும்போல இருக்கும். அப்பாவுக்கோ அதுதான் பாடம் நடத்த நல்ல நேரம். எரிமலைக் குழம்பு இறுகிப் பாறையானதையும், அதில் விழுந்த விரிசல்களை ஆறு அரித்துக்கொண்டே பின்வாங்குவதையும் சொல்வார். கீழே நெளிந்து நெளிந்து போகும் பள்ளத்தாக்குகள் எல்லாம் ஒரு காலத்தில் அருவி விழுந்த இடங்கள். அவற்றில் ஒன்றின் மேலேதான் 1905இல் கட்டிய ரயில் பாலம் நிற்கிறது. பாலத்தைத் தாண்டினால் 1980இல் பிறந்த ஜிம்பாப்வே.

ஊரில் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. அங்கே லிவிங்ஸ்டனின் கடிதங்களையும் பொருட்களையும் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சூமா, சூசி என்ற பெயர்களை அப்பா சொன்னார். 1873இல் லிவிங்ஸ்டன் இன்றைய ஜாம்பியாவின் வடபகுதியில் ஒரு கிராமத்தில் இறந்தார். அவரோடு இருந்த சூமா, சூசி முதலான ஆப்பிரிக்கர்கள் அவருடைய இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். உடலைப் பதப்படுத்தி, மாதக்கணக்கில் சுமந்து நடந்து கடற்கரை சேர்த்தார்கள். அந்த நாட்டின் கதையைச் சொல்லும்போது இந்த இருவரை விட்டுவிடக் கூடாது என்பார் அப்பா. எனக்கும் அதுவே எண்ணம்.

சனிக்கிழமைகளில் அம்மாவோடு மரம்பா சந்தைக்குப் போவேன். சந்தையில் தோங்கா இனத்துப் பாட்டி ஒருவர் மசாவு என்று ஒரு பழம் விற்பார். முதன்முதலாக அதைக் கையில் எடுத்த அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “அட, நம்ம இலந்தைப்பழம்டா!” என்று கத்தியேவிட்டாள். உண்மையிலேயே அது இலந்தைதான். அன்றிலிருந்து பாட்டியும் அம்மாவும் சிநேகிதம். அந்த ஊர் வழக்கப்படி அம்மா முழங்காலை லேசாக மடக்கி, இரு கைகளையும் மெல்லத் தட்டி வணங்குவாள். பாட்டி முகம் மலர்ந்துபோகும். எங்களுக்கென்று கைநிறையக் காய்ந்த கபென்டா கருவாட்டையும் அள்ளிப் போடுவார். நெத்திலி மாதிரி இருக்கும் சின்ன மீன். தக்காளி வெங்காயம் போட்டு வதக்கி, மக்காச்சோள மாவில் கிண்டிய ன்ஷிமாவோடு சாப்பிட்டால் அமிர்தம்.

பாட்டியின் பேரன் அப்பாவிடம் படித்த மாணவன். பாட்டி பேசியதை அவன்தான் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். அவர் பிறந்த ஊர் இப்போது கரிபா ஏரிக்கு அடியில். செம்புச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்று ஐம்பதுகளின் கடைசியில் ஜாம்பேசியின் குறுக்கே அணை எழுந்தது. ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி பரவியது. ஆற்றின் இரு கரையிலும் இருந்த சுமார் 57,000 தோங்கா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வண்டல் மண்ணில் ஆண்டுக்கு இருபோகம் கண்டவர்களில் பலர் தண்ணீரில்லாத மேட்டு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆற்றைக் காக்கும் நியாமி நியாமி என்ற தெய்வம் அணையை விடாது என்று நம்பினார்கள். 1957இலும் 1958இலும் பெருவெள்ளம் வந்து கட்டுமானத்தைத் தாக்கியது. ஆனாலும் அணை எழுந்துவிட்டது. “எங்க அம்மாவைப் புதைச்ச இடத்துக்குப் போக வழியில்லை” என்றார் பாட்டி. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டாங்கனிக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து அந்தப் புதிய ஏரியில் விட்டு வளர்த்த மீன்தான் கபென்டா என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஜாம்பியாவுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு மனம் துள்ளும். ஏப்ரலில் போங்கள், நனைய நனைய அருவியைப் பாருங்கள் என்பேன். முடிந்தால் அக்டோபரிலும் ஒருமுறை போய், தண்ணீர் செதுக்கிய பாறையைப் பாருங்கள் என்பேன். ஆனால் அருவியோடு திரும்பிவிட வேண்டாம். தலைநகர் லுசாக்கா போகும் சாலையில் சோமா என்ற ஊர் வரும். அங்குள்ள அருங்காட்சியகத்தில் தோங்கா மக்களின் கூடைகளும் இசைக்கருவிகளும் இருக்கின்றன. அங்கிருந்து தென்கிழக்கே இறங்கினால் கரிபா ஏரிக்கரை. ஜாம்பேசி கொடுத்ததை அருவியில் பார்க்கலாம். அந்த ஆற்றை இழந்தவர்களையும் தெரிந்துகொண்டால்தான் ஜாம்பியாவைப் பார்த்ததாகும்.