குப்பை மேட்டில் ஒரு பாடசாலை

குப்பையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் நமது பொறுப்பு முடிந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். அது போய்ச் சேரும் நிலத்தின் கதி என்ன? அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் இக்கேள்விக்கு விடை சொல்லும் ஓரிடத்தைப் பார்த்து வந்தேன்.

கிழக்கு பிரன்ஸ்விக் பகுதியில், மெர்ரி ஓடைக் கரையில், சுமார் 4.5 ஹெக்டயர் பரப்பில் இருக்கிறது 'சீரீஸ்' என்னும் சுற்றாடல் கல்வி நிலையம். முன்னர் இங்கு கருங்கல் அகழ்ந்தார்கள். மிஞ்சிய குழியில் குப்பையைக் கொட்டினார்கள். நாட்டில் வேலையின்மை பெருகியிருந்த 1982இல், அயலவர்கள் ஒன்றுகூடி, நகர சபைக்குரிய அந்நிலத்தைச் சீர்திருத்த முன்வந்தார்கள்.

குப்பையின் மேல் விதையைத் தூவினால் தோட்டமாகிவிடாது. நல்ல மண் சேர்த்து, உக்கிய தழைகளை இட்டு, மரம் நட்டுப் பல்லாண்டு காத்திருக்க வேண்டும். இன்று அங்கே மரக்கறிப் பாத்திகளும் நாற்றுமேடையும் கோழிகளும் உள்ளன.

இங்கு கைக்கொள்ளும் முறைக்குப் 'பேர்மாகல்ச்சர்' என்று பெயர். பில் மொலிசன், டேவிட் ஹொல்ம்கிரன் என்னும் இரு அவுஸ்திரேலியர்கள் 1978இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார்கள். விடயம் நம் உம்மம்மாமாருக்குப் புதியதல்ல. மரக்கறித் தோலைக் கோழி தின்கிறது, முட்டை தருகிறது. அதன் எச்சம் பசளையாகிறது. அது கிளறும் இடத்தில் களை குறைகிறது. பாத்தியில் விளைந்தது மறுபடி அடுக்களைக்கு வருகிறது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு.

கற்பிப்பதே என் தொழில் என்பதால், பாடசாலைப் பிள்ளைகள் நின்ற இடத்தில் நானும் நின்றுவிட்டேன். கூட்டெருக் குவியலைக் கிளறிய ஒரு சிறுமி, மண்புழுவைக் கண்டு முதலில் கையை இழுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அதே புழுவை உள்ளங்கையில் ஏந்தித் தோழிக்குக் காட்டினாள். கரும்பலகையில் எத்தனை நாள் எழுதினாலும் இந்தப் பாடத்தைக் கொடுத்திருக்க முடியாது.

ஓடைக் கரையில் நாட்டு மரங்கள் வளர்ந்தபின், காணாமற் போயிருந்த ஒருவகை மீன்கொத்திப் பறவை திரும்பி வந்தது. 1994இல் அதன் வருகையை விழாவாகவே கொண்டாடினார்கள். நிலம் தேறியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

சகோதரிகளே, நாளை மரக்கறி அரியும்போது தோலைத் தனியே ஒரு வாளியில் போட்டு வையுங்கள். பிள்ளையின் கையில் கொடுத்து வளவின் மூலையில் புதைக்கச் சொல்லுங்கள். சில மாதங்களில் அவ்விடத்து மண்ணைப் பிள்ளையே கிளறிப் பார்க்கட்டும்.