எலி எதை மறந்தது?

ஒய் வடிவப் பெட்டிக்குள் சுண்டெலியை விட்டால், பார்ப்பவருக்கு அது சும்மா திரிவதாகத்தான் தெரியும். ஆனால், சற்றுமுன் போய்வந்த கிளையை விட்டுவிட்டுப் போகாத கிளையைத் தேடுவது அதன் இயல்பு. மூன்று கிளைகளுக்கும் அடுத்தடுத்துப் போய்வந்தால் சரி என்று குறித்துக்கொள்வோம். குறுகியகால நினைவை நாங்கள் அளப்பது இப்படித்தான். எதுவும் நினைவில்லாமல் கண்டபடி ஓடும் எலிக்கும் பாதிக்குப் பாதி சரியாக வந்துவிடும். அதனால் நினைவுள்ள எலிக்கும் மறந்த எலிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது.

மறதியை நாங்களேதான் மருந்து கொடுத்து உண்டாக்குகிறோம். ஸ்கோபோலமைன் என்ற அந்த மருந்து, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் தரிசிலும் சாலையோரத்திலும் முளைக்கும் ஊமத்தையில் இருப்பதுதான். ஒரு நரம்பு உமிழும் அசிட்டைல்கோலின், அடுத்த நரம்பின் மஸ்கரினிக் ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் செய்தி நகரும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடிப்பதுபோல ஸ்கோபோலமைன் அந்த இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். ஊசி போட்டு அரைமணி நேரத்தில் எலியின் தேர்வு குலையும்.

இந்த ஏற்பி தேனி மாவட்டத்து மருத்துவர்களுக்கும் நன்றாகப் பழக்கமானது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்கிப்போகும். வியர்வையும் எச்சிலும் பெருகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், நெஞ்சில் சளி கட்டும். முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின் அடைப்பதும் மஸ்கரினிக் ஏற்பியைத்தான். அளவு மிஞ்சினால் நோயாளி போர்வையைப் பிய்ப்பார், இல்லாத ஆளோடு பேசுவார், இப்போது சொன்னதை மறந்துவிடுவார். எலிப்பெட்டியில் நான் பார்ப்பதும் இதே ஏற்பி அடைபடுவதைத்தான்.

ஆனால் எலி தவறியதும் ‘மறந்துவிட்டது’ என்று எழுதுவது அவசரம். ஸ்கோபோலமைன் கண்மணியை விரிக்கும். வெளிச்சத்தில் பார்வை கூசும். அந்த மருந்து எலியை அதிகமாக ஓடவும் வைக்கும். ஆகவே, கண்ணில் நேரும் விளைவைப் பிரித்தறிய, மூளைக்குள் எளிதில் நுழையாத மெத்தில்ஸ்கோபோலமைனை இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்து ஒப்பிட வேண்டும். முந்தைய எலியின் வாசம் தங்காதபடி ஒவ்வொரு முறையும் பெட்டியைச் சாராயத்தால் துடைக்க வேண்டும். எலியைத் தூக்கும் விதமும் முக்கியம். வாலைப் பிடித்துத் தூக்கினால் எலியின் பதற்றம் கூடுகிறது, உள்ளங்கையில் ஏந்தினால் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட் 2010-இல் காட்டினார். பதறிய எலியின் கணக்கை நினைவுக் கணக்கில் சேர்ப்பது தவறு. மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது கைப்பழக்கம். மூலக்கூறு அதற்கப்புறம்தான்.

ஏற்பி என்றால் மஸ்கரினிக் மட்டுமே அல்ல. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பிரியா ராஜசேதுபதியின் குழு 2020-இல் வேறு வழியில் போனது. மருந்து கொடுத்து மறக்கவைக்காமல், மரபணு வேறுபாடு மிகுந்த எலிகளை எடுத்து, இயல்பிலேயே நினைவு கூடியவை எவை, குறைந்தவை எவை என்று பார்த்தார்கள். தேடல் ஜிபிஆர்12 என்ற ஏற்பியில் போய் நின்றது. நினைவுக்கு எல்லோரும் முன்மூளைப் புறணியைக் கைகாட்டிக்கொண்டிருக்க, இந்த ஏற்பி வேலை செய்தது மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸில். நினைவு குறைந்த எலிகளின் தாலமஸில் அதைக் கூட்டியபோது, தாலமஸும் புறணியும் சேர்ந்தியங்குவது வலுத்தது, நினைவும் மேம்பட்டது. எலிக்கு எலி உள்ள வேறுபாட்டைச் சராசரியில் கரைத்துவிடாமல் அதையே கேள்வியாக்கியதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

பொதுத்தேர்வு நெருங்கும்போது நினைவாற்றல் மாத்திரை விளம்பரங்கள் நம் ஊர்ச் சுவர்களுக்கும் வந்துவிடும். ‘எலிகளில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்தால், எந்த எலியில் என்று கேளுங்கள். ஸ்கோபோலமைன் போட்டு மறக்கவைத்த எலி தேறியது என்றால், அந்த அடைப்பின் விளைவு தணிந்தது என்றுதான் பொருள். நல்ல எலியின் நினைவு கூடியதற்கு அது சான்று அல்ல. உங்கள் பிள்ளையின் நினைவுக்கு அறவே அல்ல.