தில்லானா முடியும்வரை

மார்கழி சீசனில் நாட்டியம் பார்க்கச் சித்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்புகிறவர்களுக்கு டிக்கெட் பெரிய செலவே இல்லை. பல சபாக்களில் மதிய நிகழ்ச்சிகளுக்குக் காசே கேட்பதில்லை. பணத்தைத் தின்பது ராத்திரிப் படுக்கைதான். சாயங்காலம் ஆறரைக்கோ ஏழுக்கோ தொடங்குகிற ஆட்டம் முடிய எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அதற்கப்புறம் சென்ட்ரலுக்கு ஓடினால் பெங்களூர், சேலம், கோவைப் பக்கம் போகிற வண்டி ஏதாவது கிடைக்கும். நள்ளிரவில் காட்பாடியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து சித்தூர் இன்னும் 35 கிலோமீட்டர் சொச்சம். வயசுப் பெண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச எனக்குத் துணிச்சல் கிடையாது. திருப்பதிக்காரர்கள் பாடும் இதே பாடுதான். கருடாத்ரி எக்ஸ்பிரஸ் காலையில் ஜோராகக் கொண்டுவந்து சேர்க்கும். சபாவில் விளக்குப் போடுவதற்குள் திரும்பியும் போய்விடும்.

சித்தூரில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷா வருஷம் மாணவிகளையும், கூட வர முடிந்த அம்மாக்களையும் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன். "வர்ணம் முடிஞ்சதும் எழுந்துடலாமே மேடம், கடைசி பஸ் பிடிச்சிடலாம்" என்று யாராவது ஒரு அம்மா சொல்லாத வருஷம் இல்லை. அவர்கள் கவலை நியாயம். ஆனால் வர்ணத்தோடு எழுந்து வருவதற்கு நான் பிள்ளைகளை அவ்வளவு தூரம் இழுத்துப் போகவில்லை. அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம் எல்லாம் காலில் தெம்பிருக்கிற பெண் நன்றாகவே ஆடிவிடுவாள். வர்ணம் ஆடிக் களைத்து, மூச்சு அடங்கி, பாட்டுக்காரரும் சுதியில் நின்று நிதானமாக எடுக்கிற பதம் இருக்கிறதே, ஒரு ஆட்டக்காரி யார் என்பது அங்கேதான் தெரியும். என் மாணவிகள் அதைப் பார்க்க வேண்டும். அப்புறம் தில்லானா, மங்களம். அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார வேண்டுமென்றால் சபாவுக்குப் பக்கத்திலேயே படுக்க ஓர் இடம் வேண்டும்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு வேடிக்கை உண்டு. சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் சமஸ்தானத்தில்தான் சாரங்கபாணி இருந்தார். வேணுகோபால முத்திரையோடு அவர் கட்டிய பதங்கள் பச்சைப் பேச்சுத் தெலுங்கில் இருக்கும். சென்னைச் சபாவில் அவர் பதம் ஒன்றை எடுத்தால், பக்கத்து நாற்காலிக்காரர்கள் அபிநயத்தைப் பார்த்துப் பொருளைப் பிடிப்பதற்குள் எங்கள் பிள்ளைகள் வரியைக் கேட்டே களுக்கென்று சிரித்துவிடுவார்கள். முன் வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அடக்குவதில்லை. நம் மாவட்டத்துப் பதத்தைக் கேட்க 150 கிலோமீட்டர் போய் அறை எடுத்துத் தங்க வேண்டியிருக்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

உள்ளூர் ஆட்டத்துக்கு அறை என்ற பேச்சே கிடையாது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன், தர்மராஜர் கோயில்களில் மகாபாரதம் நடக்கும். பகலில் பாரதக் கதை, ராத்திரி கூத்து. தெலுங்கில் சொன்னால் வீதி நாடகம். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும், மண்ணில் செய்து கிடத்திய துரியோதனன் தொடை பிளப்பதும், தீமிதியும் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் வந்துவிடும். விடிய விடிய ஆட்டம் என்பதால் பார்க்கும் இடமே படுக்கும் இடம். கட்டியங்காரன் பேசும்போது விழித்துக்கொண்டு, நீளமான விருத்தத்தில் கண்ணயர்ந்து, காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். சபாக்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் கதவைச் சாத்திவிடுவதால்தான் நமக்கு லாட்ஜ் தேவைப்படுகிறது.

சரி, அறை. முதலில் வாடகையைப் பார்க்காதீர்கள். எந்தச் சபா, எத்தனை மணிக்கு முடிகிறது என்று பாருங்கள். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையில் இருக்கின்றன. கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும் தி. நகரில். 1981-இல் தொடங்கிய நாட்டியக் கலா மாநாடு டிசம்பர் கடைசியில் காலை வேளையில் நடப்பது. அகாடமியின் நாட்டிய விழா ஜனவரி முதல் வாரம். இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்க ஆசைப்பட்டால் நடுவில் டிசம்பர் 31 வந்து நிற்கும். அன்றைக்கு அறை வாடகை கேட்டால் தலை சுற்றும். நாங்கள் ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

எழும்பூர் கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜுகள் உண்டு, சென்ட்ரலைச் சுற்றியும் உண்டு. மலிவுதான். ஆனால் அதே நாட்களில் ஐயப்ப சாமிகளும் வந்து நிறைவார்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆழ்வார்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு ஆட்டோ பிடித்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது சரியாகப் போய்விடும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆண்பிள்ளைகளுக்கு அருமை, எங்களுக்கு உதவாது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பார்த்தசாரதி கோயில் கூட்டம் வேறு. தனியாகப் போகிற பெண்ணுக்கு ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதி மாதிரியான இடங்கள் பாந்தம், கும்பலுக்குக் கட்டாது.

கும்பலுக்கு நான் கண்ட வழி கல்யாண மண்டபம். மார்கழியில் கல்யாணம் கிடையாது. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் மண்டபங்கள் பூட்டியே கிடக்கும். சீசனும் அதே மார்கழியில்தான். பெரிய மண்டபத்தைக் கேட்கக் கூடாது. சீமந்தம், காதுகுத்து நடக்கிற சின்ன மண்டபத்தில் பெண் வீட்டாருக்கு என்று இரண்டு அறை ஒதுக்கியிருப்பார்கள், பாயும் தலையணையும் இருக்கும், அதை மட்டும் கேட்க வேண்டும். "மூடி வெச்சா எலிதாம்மா குடியிருக்கும், நீங்க இருந்துட்டுப் போங்க" என்றார் ஒரு மேனேஜர். நாள் வாடகை, கரண்ட்டுக்குத் தனி, கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குக் கையில் கொஞ்சம். தலைக்குப் பிரித்தால் எந்த லாட்ஜும் அந்தப் பக்கம் வர முடியாது. மண்டபம் தேட நேரில்தான் போக வேண்டும். தீபாவளி முடிந்ததும் நானே ஒரு நடை போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவேன்.

லாட்ஜ்தான் என்றால் சில கேள்விகள் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா? காலை பத்துக்கு வந்து இறங்குகிறவருக்கு 12 மணிக் கணக்கு என்றால் ஒரு ராத்திரிக்கு இரண்டு நாள் வாடகை விழலாம். வாசல் கிரில்லை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? பெண்கள் மட்டும் வந்தால் கொடுப்பார்களா என்பதைப் போனிலேயே கேட்டுவிட வேண்டும். நேரில் பெட்டியோடு நிற்கும்போது, "ஃபேமிலிக்குத்தான் மேடம்" என்று எங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஏழு பெண்களும் நான்கு அம்மாக்களும் ஃபேமிலி இல்லையென்றால் வேறு எது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. வரியையும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு முன்பு ஜிஎஸ்டி கிடையாது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஜிஎஸ்டியில் பதிவே செய்யாத சின்ன லாட்ஜ் அதைக் கேட்கவே கூடாது.

இவ்வளவு அலைவது தூங்குவதற்கு மட்டும் இல்லை. நிகழ்ச்சி முடிந்து வந்து, இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக் கைகழுவினதும் பிள்ளைகள் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். "அவங்க முகத்தைத் திருப்பிட்டு அப்புறம்தான் கையை எடுத்தாங்க." "இல்லடி, கண்ணு முதல்ல போச்சு, முகம் அப்புறம்." ஒருத்தி உட்கார்ந்து வரியை முணுமுணுப்பாள், இன்னொருத்தி சுவரைச் சகியாக நினைத்துக்கொண்டு செய்து பார்ப்பாள். சுடிதாரும் எண்ணெய் வழியும் பின்னலுமாக நடுராத்திரியில் அதே பதத்தை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகச் செய்வார்கள். நான் திருத்த மாட்டேன். வகுப்பில் ஒரு மாதம் சொல்லி ஏறாத திருஷ்டி பேதம் அங்கே தானாக ஏறிவிடுகிறது. பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு திரும்பினால் இது நடக்காது. ஒரே அறையில் எல்லோரும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதற்காகத்தான். இரண்டிரண்டு பேராக ஏசி ரூமில் அடைத்தால் ஆளுக்கொரு போனோடு படுத்துவிடுவார்கள்.

கலாக்ஷேத்ரா மட்டும் தனிக் கணக்கு. திருவான்மியூர் தூரம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். சென்ட்ரலை ஒட்டிய பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலை, மந்தைவெளி தாண்டித் திருவான்மியூரில் இறங்கிவிடலாம்; மயிலாப்பூரில் தங்கியிருந்தாலும் அதே ரயில்தான். ருக்மிணி தேவி 1920களின் கடைசியில் அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, அவர் குழுவிலிருந்த க்ளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். பாவ்லோவாதான் உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று திருப்பிவிட்டார். 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். அதில் மேடைக்கு வருவதையும் மேடையை விட்டுப் போவதையும் என் பிள்ளைகளைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்வேன். குழுவாக ஆடுகிறவர்களுக்கு அந்த இரண்டும்தான் கஷ்டம்.

இப்போது எதிர்த்திசையிலும் கேட்கிறார்கள். திருப்பதி மகதி அரங்கத்தில் ஆட வாய்ப்பு வந்திருக்கிறது, பிரம்மோற்சவத்தில் வாகனத்துக்கு முன்னால் போகிற கோலாட்டக் குழுக்களைப் பார்க்க வேண்டும், எங்கே தங்குவது என்று சென்னைப் பிள்ளைகள் போன் செய்வார்கள். அவர்களுக்கு என் பதில் சுருக்கம். ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு எதிரே விஷ்ணு நிவாசம், பஸ்ஸில் வந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்ரீநிவாசம், இரண்டும் தேவஸ்தானத்துடையவை. ஆதார் அட்டை எல்லோர் கையிலும் இருக்கட்டும். பிரம்மோற்சவ நாட்களில் அறை கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். கிடைக்காவிட்டால் சித்தூருக்கு பஸ் ஏறுங்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம், என் வகுப்பு நடக்கிற கூடத்தில் பாய் இருக்கிறது.