நெருப்பு ஈன்ற தீவு

இந்துமா சமுத்திரத்தின் தென்மேற்குப் பகுதியில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தொலைவில், றியூனியன் என்னும் சிறு தீவு ஒன்று உளது. அதன் பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீற்றர். நம் இலங்கையை இருபத்தாறு கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே தேறும். முன்னாளில் பூர்போன் எனப் பெயர் பெற்றிருந்த இத்தீவு, 1946ஆம் ஆண்டு முதல் பிரான்சு தேசத்தின் ஒரு மாவட்டமாக ஆளப்பட்டு வருகின்றது. தேசப்படத்தைப் புரட்டும் மாணவர் கண்ணில் அயலிலுள்ள மொரீசியசு படும் அளவிற்கு இது படுவதில்லை. படவேண்டிய தீவு இது.

இலங்கையின் பாறைகள் பெரும்பாலும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட முதுமை உடையவை. றியூனியனோ கடலுக்கு மேலே தலைகாட்டிச் சுமார் 30 இலட்சம் ஆண்டுகளே ஆன குழந்தை. குழந்தை புதிதாயினும் அதனை ஈன்ற நெருப்புப் பழையது. பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் வெப்ப ஊற்று ஒன்றின் மீது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அப்பொழுது பீறிட்டுப் பரந்த அனற்குழம்பே இறுகித் தக்காணத்தின் கரும்பாறைப் படுக்கையாயிற்று. அஜந்தா, எல்லோராக் குகைகள் குடையப்பெற்றது அந்தப் பாறையிலேதான். பின்னர் இந்தியா வடக்கே நகர்ந்துவிட்டது; ஊற்று பின்தங்கிற்று. மாலைதீவின் அடித்தளமும் மொரீசியசும் இடைக்காலத்தில் அது செய்த வேலை. இன்று அது வேலை செய்யுமிடம் றியூனியன். ஆகவே அங்கு செல்லும் நம்மவர், முற்றிலும் அந்நியமானதொரு நெருப்பைக் காணச் செல்கின்றார் என்று சொல்லிவிட முடியாது.

அந்நெருப்பு உறையும் மலைக்குப் பித்தோன் டி லா பூர்னேஸ் என்று பெயர். உலைமுடி என்று நாம் சொல்லலாம். உயரம் 2,632 மெற்றர். பதினேழாம் நூற்றாண்டு முதல் 150 தடவைக்கு மேல் பொங்கியதாகப் பதிவு உண்டு. எரிமலை என்றவுடன் வெடித்துச் சிதறி ஊர்களைப் புதைக்கும் பயங்கரமே நம் நினைவுக்கு வருகின்றது. உலைமுடியின் இயல்பு பெரும்பாலும் வேறு. அதன் குழம்பு இளகிய தன்மையது. பிளவுகளின் வழியே கசிந்து, கிழக்குச் சரிவில் ஆறாக ஓடிக் கடலை நாடும். மக்கள் குடும்பத்தோடு சென்று, தக்க தூரத்தில் நின்று, இரவிலே அதனைக் கண்டு திரும்புவதும் உண்டு.

மலைக்குச் செல்லும் பாதை பசும்புல் வெளிகளைக் கடந்து, திடீரென மணற்சமவெளி என்னும் இடத்தில் இறங்குகின்றது. செந்நிறமும் கருநிறமும் கலந்த கசடு, ஒரு மரமில்லை. அப்பாலுள்ள பெல்கோம்ப் கணவாயின் விளிம்பில் நின்றாற் கீழே இறுகிய குழம்பின் பெருவெளியும், அதில் போர்மிக்கா லியோ எனப்படும் சிறு கூம்பும் தெரியும். மணலிற் குழி பறித்து எறும்பைப் பிடிக்கும் பூச்சியின் பெயரை, அதன் குழியை ஒத்த அக்கூம்புக்குச் சூட்டியிருக்கிறார்கள். விடியுமுன் அங்கு சென்றுவிடவேண்டும். முற்பகல் கழியுமுன்னரே முகில் ஏறி அனைத்தையும் மறைத்துவிடுவது வழக்கம். 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், உச்சியிலுள்ள தொலொமியே வாயின் அடித்தளம் சில நாட்களுள் 300 மெற்றருக்கு மேல் தாழ்ந்து போயிற்று. அவ்வாண்டில் ஓடிய குழம்பு கரையோரப் பெருந்தெருவை அறுத்துக் கடலிற் பாய்ந்து, தீவுக்குப் புதுநிலமும் சேர்த்தது.

கிழக்குக் கரையின் அத்தெருவிலே செல்வோர் ஒவ்வொரு குழம்போட்டத்தின் அருகிலும் அது நிகழ்ந்த ஆண்டைக் குறிக்கும் பலகையைக் காணலாம். பலகையைப் பாராமலே காலத்தை மதிப்பிடவும் கூடும். மிகப் புதிய பாறை வெறுங்கரியது. சற்று மூத்ததில் சாம்பல் நிறப் பாசி. அதனினும் மூத்ததிற் பன்னம். பின்னர் செடி, மரம். பாடநூலில் நாம் பல பக்கங்களிற் கற்பிப்பதை இத்தெரு அரைமணி நேரத்திற் கற்பித்துவிடுகின்றது. சற்று வடக்கே பித்தோன்-சென்-றோஸ் என்னும் ஊரில் மாதா கோயில் ஒன்று உண்டு. 1977ஆம் ஆண்டு ஏப்பிரலில் குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை எரித்தது. கோயில் வாசலை அடைந்து, இரு மருங்கும் பிரிந்து நின்றுவிட்டது. மக்கள் முன்னரே வெளியேறியிருந்தமையால் உயிர்ச்சேதமில்லை. அந்நிகழ்ச்சியின் பின்னரே, 1979இல், எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வுநிலையம் நிறுவப்பட்டது.

பிரயாணிகளுட் பலர் இவ்வளவோடு திருப்தியடைந்து, மேற்குக் கரையின் வெண்மணலுக்குத் திரும்பிவிடுகின்றனர். நமக்குக் கடற்கரை புதிதன்று; அதை விட்டுவிடுவோம். தீவின் உள்ளம் இருப்பது நடுவிலுள்ள பள்ளத்தாக்குகளில்.

பித்தோன் டி நேஜ், அதாவது பனிமுடி, 3,000 மெற்றருக்கு மேற்பட்ட உயரமுடையது. இந்துமா சமுத்திரத் தீவுகளின் மலைகளுள் மிக உயர்ந்தது. அதன் நெருப்பு அவிந்து பல்லாயிரம் ஆண்டுகளாயின. நெருப்பு கட்டியதை மழை வெட்டியது. என்ன மழை! 1966ஆம் ஆண்டு சனவரியில் இத்தீவின் மலைப்பகுதியில் ஒரே நாளில், 24 மணி நேரத்தில், 1,825 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. யாழ்ப்பாணம் ஓராண்டு முழுவதும் பெறுவதிலும் அது மிகுதி. மலைச்சரிவுகள் இடிந்து, ஆறுகள் அறுத்து, பனிமுடியைச் சூழ மூன்று மாபெருங் கிண்ணங்கள் உண்டாயின: சலாசி, சிலாவோஸ், மபாத். செங்குத்தான மதில்கள் சூழ்ந்த அவற்றை 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இப்பெயர்கள் பிரெஞ்சுப் பெயர்கள் அல்ல. மடகாஸ்கர் மொழியின் வழிவந்தவை. கரையோரத் தோட்டங்களில் அடிமைகளாக வருந்திய மடகாஸ்கர், ஆபிரிக்க மக்களுட் சிலர் தப்பியோடி இம்மலைகளிற் புகுந்து வாழ்ந்தனர். அவர்களைப் பிடிக்கவும் கொல்லவும் வேட்டைக்காரர் அனுப்பப்பட்டனர். மபாத் என்பது அவ்வாறு தப்பியோடிய தலைவன் ஒருவனது பெயர். சிலாவோஸ் என்பதற்கு ‘விட்டுப் பிரியாத இடம்’ என்று பொருள் கூறுவர். படத்திற்கு அழகாகத் தோன்றும் ஒவ்வொரு செங்குத்துப் பாறையும் ஒருவனுக்கு மறைவிடமாக இருந்தது என்பதை அறிந்து நோக்கும்போது காட்சி வேறாகிவிடுகின்றது. மபாத்திற்கு இன்றும் வண்டிப்பாதை இல்லை. சில நூறு பேர் சிற்றூர்களில் வாழ்கின்றனர், பொருள்கள் ஹெலிகொப்டரில் வந்து இறங்குகின்றன, மற்றையோர் நடக்கவேண்டும். நடக்க இயலாதவர் மைடோ மலை விளிம்பிலிருந்து கீழே நோக்கலாம். இயன்றவர் நடந்தே செல்லவேண்டும் என்பது என் துணிபு.

வடகிழக்கில் சென்-சுசான் என்ற ஊர் நம் மாணவர் அறிய வேண்டியதொன்று. மெக்சிக்கோவிலிருந்து கொணர்ந்த வனிலாக் கொடி இத்தீவில் செழித்ததே ஒழியக் காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி இங்கில்லை. 1841ஆம் ஆண்டில் எட்மோன் என்னும் 12 வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியால் பூவினுள்ளிருக்கும் மெல்லிய திரையை உயர்த்தி, பெருவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். பூ ஒரு காலைப் பொழுதே மலர்ந்திருக்கும். உலகின் வனிலாத் தோட்டங்களில் இன்றளவும் கையாளப்படுவது அச்சிறுவனின் முறையே. 1848இல் விடுதலை பெற்றபோது அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரைப் பெற்றான், செல்வம் பெறவில்லை. 1880இல் வறியவனாகவே இறந்தான்.

1848 டிசம்பர் 20ஆந் திகதி அடிமைமுறை ஒழிந்தது. ஒழிந்தபின் கரும்பை வெட்ட ஆள் வேண்டுமல்லவா? புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டவருட் பெரும்பாலோர் தமிழர். 1860ஆம் ஆண்டின் ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆட்கள் சென்றனர். 1882இல் அது நிறுத்தப்பட்டது. மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்கு அவர்களை ‘மலபார்’ என்று அழைக்கின்றனர். ராமசாமி, முத்துசாமி முதலிய முன்னோர் பெயர்கள் பிரெஞ்சு எழுத்திலே குடும்பப் பெயர்களாய் நிலைத்துவிட்டன. தமிழ் வீட்டு மொழியாக நிலைக்கவில்லை. வீட்டில் வழங்குவது கிரயோல் மொழி.

ஆயினும் சென்-அந்திரே ஊரிற் கரும்பு வயல்களின் நடுவே கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. தைப்பூசக் காவடி நடைபெறுகின்றது. திரௌபதையைப் ‘பாண்டியாலே’ என்று வழிபட்டுத் தீ மிதிக்கின்றனர். நெருப்பு ஈன்ற தீவிலே நெருப்பின் மேல் நடப்போர் நம் உறவினர். பாரதக் கதையை இரவிரவாக ஆடும் கூத்தும் அங்கு உண்டு. அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘நார்ல்கோன்’. நம் ‘நாடகம்’ என்ற சொல்லே நாவிற் பிறழ்ந்து அவ்வாறாயிற்று. பாட்டின் பொருளை முற்றும் அறியாமலே பாடுவோரும் அவர்களுள் உளர். தீமிதிப்பு, டிசம்பர், சனவரி மாதங்களிலும் யூலையிலும் பெரும்பாலும் நிகழும். டிசம்பர் முதலாகப் புயற்காலமாதலின், மலையும் கோயிலும் ஒருங்கே காண விழைவோர் யூலையைத் தெரிந்துகொள்வது நன்று. மலைக் குளிருக்குக் கம்பளி உடை மறவாது எடுத்துச் செல்க.