அளவெட்டியிற் சில்லும் அளவும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்று, மல்லாகத்தில் மேற்கே திரும்பினால் அளவெட்டியை அடையலாம். செம்மண் தோட்டங்கள், பனங்கூடல்கள், கிணற்று நீரைச் சிந்தாமற் கொண்டு செல்லும் வாய்க்கால்கள் ஆகியவை வழிநெடுக நம்முடன் வருகின்றன. கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலும் அருணோதயாக் கல்லூரியும் இவ்வூரின் இரு அடையாளங்கள். கவிஞர் மகாகவி து. உருத்திரமூர்த்தி பிறந்த ஊர் இது. தவில் மேதை தட்சணாமூர்த்தியின் கைவண்ணத்தாலும், நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனின் இசையாலும் கடல் கடந்தும் புகழ் பெற்ற ஊரும் இதுவே.

இசையைத் தேடி இங்கு வருவோர் பலர். நாமோ இம்முறை சில்லுகளைப் பார்க்கச் சென்றோம். விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் ஊரின் வரலாற்றை அதன் சில்லுகளிலும் படிக்கலாம் அன்றோ?

முதலில் இருந்தது மாட்டு வண்டில். அதன் சில்லு உயரமானது. சில்லு பெரிதாயின் பள்ளத்தில் ஆழ விழாது. கல்லின் மேல் எளிதில் ஏறும். மரச் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டும் தொழிலை முதியவர்கள் இன்றும் சுவைபடச் சொல்கின்றனர். வளையத்தைச் சில்லின் சுற்றளவிலும் சற்றே குறைவாகச் செய்வார்கள். நெருப்பிலிட்டதும் அது விரியும். விரிந்த நிலையிற் சில்லில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். வளையம் சுருங்கி, வட்டையையும் ஆரக்கால்களையும் குடத்தையும் ஒன்றாக இறுக்கும். வளையம் மிகச் சிறிதானால் ஆரக்கால் நெரியும். பெரிதானால் வழியிற் கழன்று விழும். ஒரு நூலளவு தவறினும் வண்டில் வீடு சேராது.

பின்னர் காற்றடைத்த ரயர் வந்தது. 1845இல் ரொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் அதற்கு உரிமம் பெற்றார். ஆயினும் 1888இல் ஜோன் பொயிட் டன்லொப் தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்கு அதைப் பொருத்திய பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. அதற்கு 12 ஆண்டுகள் முன்னரே, 1876இல், இறப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து கம்பகாவின் ஹெனரத்கொடையில் வேரூன்றிவிட்டன. எனவே ரயர் நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று.

அளவெட்டித் தோட்டக்காரரின் வெங்காயமும் வாழைக்குலையும் சுன்னாகம் சந்தைக்குச் செல்ல வண்டிலுக்குப் பின் உழவு இயந்திரமும், இரண்டு சில்லு ‘லாண்ட் மாஸ்ரரும்’ கைகொடுத்தன. 1990களிற் பெற்றோல் அரிதாயிருந்தபோது, குடாநாட்டார் பழைய மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயிலே ஓட்டிக் காட்டினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, ஒரு குடும்பம் எதை எடுத்துச் செல்லலாம் என்பதைத் தீர்மானித்தது அவர்களிடமிருந்த சில்லே. அந்நாளைக் கண்டவர்களுக்குச் சில்லு வெறும் பொருளன்று.

இத்தகைய ஊரில், வீதியோரக் கராச் ஒன்றில், ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிளிநொச்சியில் வயல் வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர் ஒருவர் தம் பிக்கப் வண்டியின் உடலை ஏற்கனவே உயர்த்தியிருந்தார். இப்போது பழைய ரிம்மிலேயே பெரிய ரயர்களைப் பூட்ட விரும்பினார்.

“மாரியிலே வயற்பாதையில் வண்டி வயிறு தட்டி நிற்குது. பெரிய ரயர் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும், அப்பா” என்றார் மகன்.

“தம்பி, உயரம் கூடின வண்டில் திரும்பேக்கை எப்பிடிச் சரியுமெண்டு நான் கண்டனான்” என்றார் தந்தையார்.

கராச்காரர் சிரித்துக்கொண்டே ரயரின் பக்கத்தில் இருந்த எழுத்துகளை எமக்குக் காட்டினார்: 225/75 ஆர் 15. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். 225 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 75 என்பது அவ்வகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்களையும் ரிம்மையும் கூட்டினால், முழு விட்டம் ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர்.

இளைஞர் விரும்பியதோ 31 அங்குல விட்டமும் பத்தரை அங்குல அகலமும் உடைய ரயர். விட்டம் ஏறத்தாழ 79 சென்ரிமீற்றர். விட்டத்தின் வேறுபாடு ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அச்சு உயர்வது அதிற் பாதிதான். சேற்றில் அவர் பெறும் இலாபம் மூன்றரை சென்ரிமீற்றர்கூட இல்லை.

அதற்குக் கொடுக்கும் விலை என்ன? அவ்வகை ரயருக்கு ஏழு முதல் ஒன்பது அங்குல அகலமான ரிம் வேண்டும்; வண்டியில் இருப்பது ஆறு அங்குலம். ஒடுங்கிய ரிம்மில் அகன்ற ரயரை ஏற்றினால் அதன் விளிம்புகள் உள்ளே இழுபடும், பக்கங்கள் பிதுங்கும், நடுப்பகுதி மட்டும் நிலத்தைத் தொட்டு விரைவில் தேயும், வளைவுகளில் வண்டி தள்ளாடும். காற்றுக் குறைந்திருக்கையில் விளிம்பு ரிம்மை விட்டுக் கழலவும் கூடும். சில்லு ஒரு சுற்றிற் கூடிய தூரம் ஓடுவதால், மானி மணிக்கு 50 கிலோமீற்றர் என்று காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 55 ஆக இருக்கும். தடையும் முன்னிலும் கூடுதலாக உழைக்க வேண்டும். ஸ்ரியறிங்கைத் திருப்புகையில் ரயர் தகட்டில் உரசும். ரயர் பெருத்தாலும் அச்சும் வில்லும் சுமக்கக்கூடிய பாரம் பெருப்பதில்லை.

“அறுவடைக் காலத்திலே மூட்டைக்கு மேலே ஆக்களையும் ஏத்துவியள்தானே?” என்று கேட்டார் கராச்காரர். இளைஞர் தலையசைத்தார். “மூட்டை சரிஞ்சால் நெல்லுக் கொட்டும், அள்ளலாம். ஆள் விழுந்தால்?”

அக்கேள்விக்குப் பின் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

முடிவில் கராச்காரரே வழி சொன்னார். 235/75 ஆர் 15 என்னும் ரயர் அதே ஆறு அங்குல ரிம்மிற் பொருந்தும். உயரம் முக்காற் சென்ரிமீற்றரே கூடினாலும், ஆழமான வெட்டுகள் உள்ள ரயரைத் தெரிந்தால் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். பாரத்தைத் தாழ்வாகவும் பரவலாகவும் ஏற்ற வேண்டும். ஆட்களைப் பின்னால் ஏற்றுவதை அடியோடு நிறுத்த வேண்டும். மாரி கழிந்ததும் வண்டியைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிடுவதாக மகன் தந்தைக்கு வாக்களித்தார். தந்தையாரின் முகம் தெளிந்தது.

இவ்வூர்த் தவிற் கலைஞர் எவரைக் கேட்டாலும் இதே உண்மையைச் சொல்வார். பலாமரக் கொட்டின் வாய்க்கு ஏற்ற வளையம், வளையத்துக்கு ஏற்ற தோல், தோலுக்கு ஏற்ற இறுக்கம் என மூன்றும் இசைந்தாலன்றி நாதம் பிறவாது. சில்லுக்கும் அதே நியதிதான். பெரிதாக்குவது எளிது, பொருந்தச் செய்வதே அறிவு.

ஊரின் பெயரிலேயே ‘அளவு’ என்னும் சொல் ஒலிக்கிறது. வாசகர்களும் தம் வீட்டு மோட்டார் சைக்கிளின் அல்லது வண்டியின் ரயரை ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். அங்கே பொறித்துள்ள எண்களில், அதில் ஏறிச் செல்லும் பிள்ளைகளின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.