முள்ளும் வலையும்



கடற்கரைப் பங்கில் பணியாற்றும் குருவுக்கு முள் தைத்த கால் ஒரு செய்தியே அன்று. கரைமடி இழுப்போரின் பாதங்களில் மீன்முள்ளோ சிப்பி ஓடோ குத்தாத வாரம் ஏது? சுண்ணாம்பைத் தடவிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போவார்கள். யாமும் அதை அவ்வளவாகவே எண்ணிப் பழகியிருந்தோம். அப்பழக்கம் எம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை. மறுநாள் அன்னையின் பிறப்பு விழா. மாலை ஆராதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், பங்கு இல்லத்தின் வாயிலில் ஒரு பெண் வந்து நின்றார். புதன்கிழமை வலை இழுக்கையில் அவர் கணவருக்குப் பாதத்தில் முள் குத்தியதாம், இப்போது குளிர்காய்ச்சலாம். "ஆளு தெரியாமப் பேசுறாரு சாமி. ஒருக்க வந்து செபிச்சிட்டுப் போங்க" என்றார்.

சென்றோம். கணுக்கால் வரை வீங்கிச் சிவந்திருந்தது. மூச்சு விரைந்து வாங்கியது. அவர் எம்மைத் தம் இறந்துபோன தந்தையின் பெயரால் அழைத்தார். சர்க்கரை நோயாளி என்பதும் எமக்குத் தெரியும். செபித்தோம், தீர்த்தம் தெளித்தோம். "காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறார், மகளே. விடியட்டும். திருவிழாத் திருப்பலி முடிந்ததும் எம் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம்" என்று சொல்லி, ஆராதனைக்குத் திரும்பினோம். அப்போது மணி ஆறு.

பின்னிரவு மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. கை கால்கள் சில்லிட்டுப்போன அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு விரைந்தோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டார்: "எப்பவிருந்து ஃபாதர் இவர் இப்படி மாறிப் பேசுறார்?"

"நேற்று மாலை ஆறு மணியிலிருந்து" என்றோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கணம் எம்மை நிமிர்ந்து பார்த்தார். மீண்டும் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பார்வையை யாம் இன்றுவரை மறக்கவில்லை.

நோயின் பெயர் செப்சிஸ். அழுகுதலைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் அது. மறுநாள் யாம் கண்ட காட்சி எமக்கு விளங்காத புதிராக இருந்தது. அவருடைய கால்விரல்கள் இரத்த ஓட்டமின்றிக் கருத்துக்கொண்டிருந்தன. அதே வேளையில் ஈறுகளிலும் ஊசி குத்திய இடங்களிலும் இரத்தம் நிற்காமல் கசிந்தது. ஒரே உடலில் இரத்தம் ஓரிடத்தில் உறைவதும் ஓரிடத்தில் ஒழுகுவதும் எங்ஙனம்? அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பின்னர் யாமும் தேடிப் படித்தோம்.

1882இல் இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிக்கோவ் என்னும் விலங்கியல் அறிஞர், கண்ணாடிபோன்ற உடல்கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோசா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, குஞ்சின் உடலுக்குள் திரியும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமியைச் சூழ்ந்து விழுங்குகின்றன என்ற உண்மைக்கு அது வழிகாட்டியது. அவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளணு விழுங்குவதோடு நிற்பதில்லை. வெள்ளணுக்களில் ஒரு வகை, தன்னுள் இருக்கும் மரபிழையையே வெளியே வீசிக் கிருமிகளை வலைபோட்டுப் பிடிக்கிறது என்பதை 2004இல் பெர்லின் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நம் மீனவ மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்த வலையில் தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. இரத்தம் அங்கேயே உறைகிறது. அவ்வுறைவு கிருமியை ஓரிடத்தில் சிறைப்படுத்தி, உடலெங்கும் பரவாமல் தடுக்கிறது. ஆகவே இரத்தம் உறைவது காயத்தை அடைப்பதற்கு மட்டுமன்று. அதுவும் உடற்காவலின் ஓர் உறுப்பே.

இவ்விரண்டும் எவ்வளவு பழைய உறவு என்பதைக் குதிரைலாட நண்டு காட்டுகிறது. நம் நாட்டில் ஒடிசா, வங்கக் கரைகளில் வாழும் நீல இரத்தப் பிராணி அது. அதன் இரத்தத்தில் கிருமியை எதிர்ப்பதும் இரத்தத்தை உறையச் செய்வதும் ஒரே வகை அணுவின் வேலை. அமெரிக்கக் கரையில் வாழும் இனத்தில் ஒரு வகைக் கிருமிகளைச் செலுத்திய பிரெடரிக் பாங் என்னும் மருத்துவ அறிஞர், நாளங்களுக்குள்ளேயே இரத்தம் முழுவதும் உறைந்து அந்நண்டு இறப்பதைக் கண்டு 1956இல் எழுதினார். காக்க வந்த உறைவே அதைக் கொன்றது!

செப்சிஸில் நம் உடலுக்கு நேர்வதும் இதைப்போன்றதே. கிருமி ஓரிடத்தில் அடங்காமல் இரத்தத்தில் கலந்துவிட்டாலோ, அதை எதிர்க்கும் காவல் எல்லை மீறினாலோ, உடலெங்கும் ஒரே நேரத்தில் வலை வீசப்படுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்பட்டு, உறைவைத் தடுக்கும் தன் இயல்பை இழக்கிறது. நுண்குழாய்கள் சிறு உறைகட்டிகளால் அடைபடுகின்றன. மறுபுறம் குழாய்கள் தளர்ந்து நீர் கசிவதால் இரத்த அழுத்தம் வீழ்கிறது. சிறுநீரகமும் நுரையீரலும் மூளையும் உயிர்வளியின்றித் தவிக்கின்றன. இத்தனை உறைகட்டிகளுக்கும் தட்டணுக்களும் உறைபொருள்களும் செலவாகித் தீர்ந்தபின், உண்மையில் அடைக்க வேண்டிய காயத்தை அடைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. எனவேதான் கருத்த விரலும் கசியும் ஈறும் ஒருங்கே தோன்றின. வேலியே பயிரை மேய்ந்தது. மேய்ந்து முடித்து வேலியும் சாய்ந்தது.

அவ்வாறாயின் உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்டோம். அறிஞர்களும் அவ்வாறே எண்ணினர். உறைவைக் கட்டுப்படுத்தும் ஒரு புரத மருந்துக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மீண்டும் சோதித்தபோது அது உயிர்களைக் காக்கவில்லை எனத் தெரிந்து, 2011இல் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. காவலை அடக்கும் ஒற்றை மருந்து இன்றும் கைக்கு எட்டவில்லை. கிருமியைக் கொல்லும் மருந்தை விரைந்து கொடுத்தல், நாளத்தின் வழியே நீர் ஏற்றுதல், அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தல், சீழ் உள்ள இடத்தைத் திறந்து தூய்மை செய்தல் ஆகியவையே வழி. இவை அனைத்திற்கும் தேவையானது நேரம். அழுத்தம் வீழ்ந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்திற்குள் மருந்து செல்ல வேண்டும் என்பது மருத்துவ விதி. யாமோ ஒன்பது மணி நேரத்தைத் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்கு இந்நோய் வந்தது என்றும், 1.1 கோடிப் பேர் இறந்தனர் என்றும் 2020இல் வெளியான ஆய்வு கணிக்கிறது. ஐந்து இறப்புகளில் ஒன்று! முள் குத்திய புண் மட்டுமன்று. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, பேறுகாலத் தொற்று, தோட்டங்களிலும் புதர்களிலும் உண்ணிக் கடியால் வரும் காய்ச்சல் என எதுவும் இதற்கு வாயிலாகலாம்.

அவர் பிழைத்தார். ஆனால் இரு பாதங்களின் விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. மணலில் கால் ஊன்றி வலை இழுக்க இனி இயலாது. நிழலில் அமர்ந்து பிறர் வலைகளைப் பொத்துகிறார். எம்மைக் காணும்போதெல்லாம், "சாமி செபிச்சதாலதான் பொழச்சேன்" என்பார். அந்நன்றியின் சுமையைத் தாங்க இயலாமல், ஒருநாள் அவர் அருகே அமர்ந்து உண்மையைச் சொன்னோம்: "அன்று மாலையே உம்மைக் கொண்டுபோயிருக்க வேண்டும். விழாவை எண்ணித் தாமதித்தது எம் பிழை."

அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "எனக்கும் அன்னைக்குப் போக மனசில்ல சாமி. சப்பரம் பாக்கணும்னு கெடந்தேன்." சற்றுப் பொறுத்து, "இனி ஒருத்தனுக்கும் இப்படி ஆவக்கூடாது. கோயில்ல சொல்லுங்க" என்றார்.

அதனாலேயே சொல்கிறோம். காயமோ காய்ச்சலோ உள்ளவர் திடீரென மாறிப் பேசினால், மூச்சு நிமிடத்திற்கு 22ஐத் தாண்டினால், கடும் நடுக்கம் கண்டால், தோல் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நிறம் மாறினால், சிறுநீர் குறைந்தால், விடியலுக்குக் காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள். "இது செப்சிஸாக இருக்குமோ?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதியோருக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரக்கூடும். சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்கள் கடல்நீர் பட்ட புண்ணை ஒருபோதும் அற்பமாக எண்ணலாகாது. அந்நீரில் வாழும் சில கிருமிகள் ஓரிரு நாளில் உயிரைக் குடிக்க வல்லவை.

குருவை அழைக்க வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. நோயில்பூசுதல் சாவுக்கு இடும் முத்திரையன்று. அது நோயுற்றோருக்கான அருளடையாளம். ஆனால் மருத்துவரை மதிக்கச் சொல்வதும் மறைநூலே. சீராக்கின் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எம்மை அழைப்போர் முதலில் வண்டியை அழைக்கட்டும். எண்ணெய்ச் சிமிழோடு யாம் மருத்துவமனை வாயிலுக்கே வந்துவிடுகிறோம், திருவிழா நாளாயினும்.